எலிமருந்துக்கு முன் தெள்ளுமருந்து: பிளேக் வட்டாரத்தில் எலி ஒழிப்பு, புதியவர்களுக்கு

எலிகள் செத்து விழத் தொடங்கிய ஊரில் முதலில் விற்றுத் தீர்வது எலிமருந்துதான். பயம் நியாயமானது. ஆனால் அந்த வேளையில் அவசரப்பட்டு வைக்கும் மருந்து பிளேக்கை வளையிலிருந்து வீட்டுக்குள் கூட்டி வந்துவிடும். மருந்து எலியைக் கொல்லும். எலியின் ரோமத்துக்குள் இருக்கும் தெள்ளுப்பூச்சியை அது தொடுவதே இல்லை. மனிதனைக் கடித்து நோயை ஏற்றுவதோ அந்தத் தெள்ளுதான்.

புதிதாகப் பணியில் சேர்ந்த சுகாதார ஆய்வாளர்கள், ஊராட்சிப் பணியாளர்கள், தானியக் கிடங்கைக் கவனிப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஓசூர், கோலார் பக்கம் வேலை பார்ப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். தமிழ்நாடும் கர்நாடகமும் ஆந்திரமும் கூடும் அந்த மேட்டுநிலம் இந்தியாவின் பழைய பிளேக் மையங்களில் ஒன்று. 1966இல் கோலார் மாவட்டத்து முல்பாகலில் மனிதர்களுக்குப் பிளேக் வந்தது. அதன் பிறகு நாட்டில் நெடுநாள் பேச்சில்லை. 1994இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலும் குஜராத்தின் சூரத்திலும், 2002இல் சிம்லா மாவட்டத்திலும், 2004இல் உத்தரகாசியிலும் அது மறுபடி தலைகாட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் கிருமி அழிந்துபோய்விடவில்லை. மனித வாடை படாத வளைகளில் வெள்ளெலி போன்ற காட்டு எலிகளிடம் அது தங்கியிருக்கும். தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் ஒரு பிளேக் கண்காணிப்புப் பிரிவை இன்றும் வைத்திருப்பது வீணுக்கல்ல.

முதல் படி: எலி சாகும்போது என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பின்னால் தவறு செய்கிறார்கள். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் பிளேக் கண்ட ஓர் எலியைப் பெரிய கண்ணாடிச் சாடிக்குள் விட்டார். அது சாகும் தறுவாயில், நோயில்லாத இன்னோர் எலியைச் சிறு கம்பிவலைக் கூண்டில் அடைத்து அதே சாடிக்குள் தொங்கவிட்டார். ஒன்றை மற்றொன்று தொட முடியாது; தெள்ளு மட்டும் தாவ முடியும். சில நாட்களில் இரண்டாவது எலியும் பிளேக்கில் செத்தது. அவர் கவனித்த இன்னொரு சங்கதி நமக்கு அதைவிடப் பயன்படும். செத்து ஒரு நாள் ஆன எலியைத் தொட்டவர்களைவிட, அப்போதுதான் செத்த எலியைத் தொட்டவர்களுக்கே நோய் வந்தது. காரணம் எளிது. எலியின் உடல் குளிரத் தொடங்கியதும் தெள்ளுகள் அதைவிட்டு இறங்கிச் சூடுள்ள அடுத்த உடலைத் தேடுகின்றன. பக்கத்தில் வேறு எலி இருந்தால் அதன்மேல் ஏறும். எலியே மிச்சமில்லை என்றால், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் மேல் ஏறும்.

தெள்ளின் வயிற்றுக்குள் நடப்பதை 1914இல் ஆர்தர் பேக்கட்டும் சார்லஸ் மார்ட்டினும் விளக்கினார்கள். நோயுற்ற எலியின் ரத்தத்தோடு உள்ளே போன எர்சினியா பெஸ்டிஸ் கிருமி, தெள்ளின் தொண்டைக்கும் இரைப்பைக்கும் நடுவிலுள்ள முள்போன்ற வால்வில் ஒட்டிப் பெருகி, ரத்தக்கட்டிபோல் அடைத்துக்கொள்கிறது. அப்புறம் குடிக்கிற ரத்தம் இரைப்பைக்குப் போகாது. பசி அடங்காது. அது மறுபடி மறுபடி கடிக்கும்; உறிஞ்சிய ரத்தம் அடைப்பில் மோதிக் கிருமியோடு கடிவாய்க்குள்ளேயே திரும்பும். பட்டினியால் சாகப்போகும் தெள்ளுதான் அதிகம் பரப்பும். அடைபடாத தெள்ளும் கிருமி ஏறிய முதல் சில நாட்களில் பரப்பக்கூடும் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

இந்த அடைப்பு வெயிலுக்கு ஆகாது. ஏறத்தாழ 28 டிகிரிக்கு மேல் போனால் அது சரியாகத் தங்குவதில்லை. வட இந்தியாவில் குளிர்காலத்தில் ஏறிய பிளேக் கோடையில் தணிந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே சமவெளியைவிடச் சூடு குறைவு என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

இப்போது எலிமருந்தை உள்ளே கொண்டுவந்து ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிடங்கில் 100 எலிகள், எலிக்கு 3 தெள்ளு, ஆக 300 தெள்ளு. வேகமான மருந்து ஒன்று இரண்டே இரவுகளில் 80 எலிகளைக் கொல்கிறது. 240 தெள்ளுகள் வீடிழந்து நிற்கின்றன. மிஞ்சிய 20 எலிகள் அத்தனையையும் தாங்கினால் எலிக்கு 15 ஆகிவிடும். தாங்காதவை சாக்கு மூட்டையிலும் தரைப் பிளவிலும் காத்திருக்கும்; காலையில் கிடங்கைத் திறப்பவரின் கணுக்காலில் ஏறும். எலித்தொகை குறைந்திருக்கிறது, ஆபத்து கூடியிருக்கிறது. எலிமருந்து பிளேக்கைக் கூட்டுமா குறைக்குமா என்ற கேள்விக்கு விடை மருந்தில் இல்லை. எந்த நேரத்தில், எதற்குப் பிறகு அதை வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: எலிகள் எதனால் சாகின்றன என்று விசாரியுங்கள்

செத்த எலிகள் கண்ணில் பட்டால் முதல் கேள்வி, “இங்கே யாராவது மருந்து வைத்தீர்களா?” என்பதுதான். பக்கத்து ரைஸ் மில், கோழிப் பண்ணை, வயல் எல்லாவற்றையும் கேளுங்கள். மருந்துக்கு விழுந்த எலி என்றால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். யாரும் வைக்கவில்லை, எலிகள் பகலில் தள்ளாடி வெளியே வந்து விழுகின்றன, அதோடு வீட்டுக்குள் தெள்ளுக் கடி திடீரென்று கூடியிருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கும் தகவல் போகவேண்டும்.

பீட் மாவட்டத்து மாம்லா கிராமத்தில் 1994இல் நடந்தது இந்த வரிசைதான். முந்தைய ஆண்டு லாத்தூர் நிலநடுக்கத்துக்குப் பின் பயத்தில் மக்கள் வீட்டைவிட்டு வெளியே தங்கினார்கள். ஆளில்லாத வீடுகளில் இருந்த தானியம் எலிகளுக்கு வாய்த்தது. எலி பெருகியது, பிறகு செத்து விழுந்தது, தெள்ளுக் கடி தாங்கவில்லை என்று ஊரார் முறையிட்டார்கள், அதற்கும் பிறகுதான் நெறிகட்டிக் காய்ச்சல் வந்தது. எலியும் தெள்ளும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

இந்த நேரத்தில் ஊரில் இருக்கும் எலிமருந்தையெல்லாம் எடுத்துவிடச் சொல்லுங்கள். இதற்கு எதிர்ப்பு வரும். “எலி சாகிறதே, இன்னும் கொல்ல வேண்டாமா?” என்பார்கள். மேலே போட்ட கணக்கையே ஒரு தாளில் எழுதிக் காட்டினால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள்.

மூன்றாம் படி: தெள்ளை எண்ணுங்கள்

எண்ணாமல் மருந்து அடிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. இது பயிற்சி பெற்ற குழுவின் வேலை. நீங்கள் உதவிக்குப் போனாலும் முறை தெரிந்திருக்க வேண்டும். மாலையில் கூண்டுப்பொறி வைத்து, விடியற்காலையில், எலி உயிரோடு இருக்கும்போதே எடுக்கவேண்டும். வெயில் ஏறி எலி பொறிக்குள்ளேயே செத்தால் தெள்ளு இறங்கிப் போய்விடும். எண்ணிக்கை பொய்யாகும், பொறியை எடுப்பவருக்கும் ஆபத்து. பொறியோடு சேர்த்து வெள்ளைத் துணிப்பைக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுவார்கள். மயக்க மருந்தில் எலியும் தெள்ளும் அடங்கிய பிறகு, வெள்ளை எனாமல் தட்டின்மேல் எலியைப் பிடித்து வாலிலிருந்து தலைநோக்கி ரோமத்தை எதிர்ப்புறமாகச் சீவினால் தெள்ளுகள் பழுப்பு எள்போலத் தட்டில் உதிரும். பையின் தையல் ஓரத்தையும் பார்க்கவேண்டும். அங்கேதான் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும்.

மொத்தத் தெள்ளுகளைப் பிடிபட்ட மொத்த எலிகளால் வகுப்பதுதான் தெள்ளுக் குறியீடு. 40 எலிகளில் 92 தெள்ளு என்றால் 2.3. தெள்ளே இல்லாத எலியையும் வகுக்கும் எண்ணில் சேர்க்கவேண்டும். புதியவர்கள் அதை விட்டுவிட்டுக் குறியீட்டை ஏற்றிக் காட்டுவது வழக்கமான பிழை. ஜெனோப்சில்லா கியோபிஸ் என்ற வகைக்கு மட்டும் தனியாகக் கணக்கிட்டு அது 1ஐத் தாண்டினால் எச்சரிக்கை என்று கொள்வார்கள்.

ஏன் அந்த வகைக்குத் தனி மரியாதை? அது நன்றாக அடைபடும், நன்றாகப் பரப்பும். அதன் உறவான ஜெனோப்சில்லா ஆஸ்டியா இந்த வேலையில் மந்தம். 1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக் அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பும் அளவுக்கு அது ஆட்டிவைத்தது. மதராஸ் நகரமோ பெரும்பாலும் தப்பித்தது. மதராஸிலும் கொழும்பிலும் எலிகள்மேல் மிகுதியாக இருந்தது ஆஸ்டியாதான் என்பதைக் காரணமாகக் காட்டியவர் கொழும்பில் பணிபுரிந்த ஃபேபியன் ஹர்ஸ்ட். இதைப் படித்து எங்கள் ஊர்த் தெள்ளு நல்ல தெள்ளு என்று யாரும் நிம்மதி அடையவேண்டாம். மூட்டையோடு கியோபிஸும் ஊர் மாறும். வகை பிரிப்பது நுண்ணோக்கி வேலை. தெள்ளுகளை ஆல்கஹால் குப்பியில் இட்டு, இடமும் தேதியும் எழுதி அனுப்பிவைப்பது மட்டுமே உங்கள் பொறுப்பு.

நான்காம் படி: தெள்ளை முதலில் கொல்லுங்கள்

தூள் மருந்துதான் சிறந்தது. தெளிக்கும் திரவம் சுவரில் காய்ந்துவிடும்; தூளோ எலியின் காலிலும் வயிற்று ரோமத்திலும் ஒட்டி வளைக்குள் போகும். எலி தன்னை நக்கிச் சுத்தப்படுத்தும்போது உடம்பெங்கும் அதைத் தானே பூசிக்கொள்ளும். வளைவாய்க்குள் ஊதுகுழலால் ஊதுங்கள். சுவரோரம் எலி ஓடும் தடத்தில், கொழகொழப்பாக அழுக்குப் படிந்த கோடு தெரியும் இடங்களில், ஒரு சாண் அகலத்துக்குத் தூவுங்கள். இரண்டு மூன்று நாள் யாரும் பெருக்கக்கூடாது. வீட்டுக்காரர்கள் மறுநாள் காலையே பெருக்கிவிடுவார்கள். ஆகவே வீட்டைப் பெருக்கும் ஆளிடமே நேரில் சொல்லுங்கள், வாசலில் நிற்கும் பெரியவரிடம் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அடுப்படி, தண்ணீர்ப் பானை, தொட்டில் ஆகியவற்றின் அருகே தூவ வேண்டாம்.

எந்தத் தூள் என்பதை நீங்கள் முடிவுசெய்யாதீர்கள். 5 சதவீத மாலத்தியான், 0.5 சதவீத பெர்மெத்ரின் போன்றவை வழக்கத்தில் உண்டு. ஆனால் தெள்ளுகள் மருந்துக்குப் பழகிவிடும். இந்தியாவில் டிடிடிக்குப் பழகின. மடகாஸ்கரில் டெல்டாமெத்ரினுக்குப் பழகியிருக்கின்றன. உள்ளூர்த் தெள்ளு எதற்குச் சாகிறது என்று சோதித்தவர்கள் சொல்வதே சரி.

பிறகு மறுபடி பொறி, மறுபடி எண்ணிக்கை. குறியீடு நன்றாக 1க்குக் கீழே இறங்கும்வரை எலிமருந்துப் பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. இறங்கவில்லை என்றால் தூளை மாற்றவேண்டும் அல்லது விட்டுப்போன வளைகளைத் தேடவேண்டும். இந்த இடத்தில் மேலதிகாரிகள் அவசரப்படுத்துவார்கள், பத்திரிகைக்காரர்கள் செத்த எலிக் குவியலைப் படம் பிடிக்கக் கேட்பார்கள். எண்ணைக் காட்டிப் பேசுங்கள்.

மடகாஸ்கரில் 1898 முதல் பிளேக் நிலைத்திருக்கிறது. 2017இல் பெரிய அளவில் வெடித்தது. அங்கே பயன்படுத்தும் கார்ட்மன் பெட்டி இரண்டு வேலையையும் ஒரே இடத்தில் சேர்க்கிறது. இருபுறமும் திறந்த பெட்டி, நடுவில் தீனி, இருபுறத் தரையிலும் பூச்சிக்கொல்லித் தூள். எலி தின்ன வரும்போது தூளில் மிதித்துத்தான் உள்ளே போகும். சில நாட்கள் வெறும் தீனி வைத்து, தெள்ளு ஒழிந்தபின் அதே பெட்டியில் மருந்துத் தீனி வைக்கலாம். பிவிசி குழாய்த் துண்டிலும் இதைச் செய்துகொள்ளலாம். கோழியும் குழந்தையும் தூளைத் தொடாமல் இருப்பது கூடுதல் லாபம்.

ஐந்தாம் படி: மருந்தைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் கேட்டால் எல்லாமே எலிமருந்துதான். தெள்ளின் கண்ணோட்டத்தில் பார்த்தால் அவை வேறுவேறு.

ஜிங்க் பாஸ்பைடு கறுப்புச் சாம்பல் நிறத் தூள். பூண்டு வாடை வீசும். சில மணி நேரத்தில் கொல்லும். ஒரே இரவில் நிறைய எலி விழும் என்பதால் தெள்ளுகளும் ஒரே இரவில் இறங்கும். தூள் போடாத இடத்தில் இதைவிட மோசமான தேர்வு இல்லை. தூள் போட்டுக் குறியீடு இறங்கியபின் இது நல்ல ஆயுதம். 96 பங்கு நொய், 2 பங்கு கடலை எண்ணெய், 2 பங்கு மருந்து என்பது நம் நாட்டில் வழக்கமான கலவை. முதல் இரண்டொரு நாள் மருந்தில்லாத நொய்யும் எண்ணெயும் மட்டும் வைத்துப் பழக்கவேண்டும். பழக்காமல் வைத்தால் கொஞ்சம் தின்று வயிற்றைப் பிசைந்து தப்பிய எலி அடுத்த தடவை கிட்டே வராது; சூடுகண்ட பூனை கதைதான்.

புரோமாடியலோன் ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்லும். 0.005 சதவீதக் கட்டிகளாகவே கிடைக்கிறது. எலி சாக மூன்று நாள் முதல் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். சாவு பல நாளில் பரவுவதால் தெள்ளுகள் கூட்டமாக இறங்காமல் சிறிது சிறிதாக, உயிரோடு இருக்கும் அடுத்த எலிக்கு மாறும். பாதுகாப்பு என்று இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. மெதுவான ஆபத்து, அவ்வளவுதான். இதற்கும் தூள் முன்னால் வேண்டும். இன்னொரு கெடுதலும் உண்டு: மருந்துண்ட எலியைத் தின்னும் கூகையும் கீரியும் சாகும். வயலில் இலவசமாக எலி பிடித்துத் தரும் கூகையை இழப்பது மகா நஷ்டம்.

அலுமினியம் பாஸ்பைடு வில்லைகள் வளைக்குள் நச்சுப் புகையை உண்டாக்கி எலி, தெள்ளு இரண்டையும் ஒருசேரக் கொல்லும். பிளேக் நோக்கில் கச்சிதம்; மனிதர் நோக்கில் எமன். பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள், திறந்தவெளி வளைகளில் மட்டுமே போடவேண்டும். வீட்டை ஒட்டிய வளையில் போட்டால் புகை சுவர்வழியே படுக்கையறைக்கு வரும்.

மஞ்சள் பாஸ்பரஸ் சேர்ந்த எலி பேஸ்ட்டை எந்தக் காலத்திலும் வாங்காதீர்கள். அது கல்லீரலைத் தின்றுவிடும், முறிமருந்து கிடையாது. தமிழ்நாட்டு மருத்துவமனைகள் அதனால் பட்டது போதும். ஒட்டும் பசை அட்டையும் வேண்டாம்: அடுக்களையில் அட்டைமேல் இரவு முழுக்கத் துடித்துச் சாகும் எலி, விடியும் முன் தன் தெள்ளுகளை எல்லாம் அடுக்களையிலேயே இறக்கி வைத்துவிடும்.

ஆறாம் படி: செத்ததை எடுத்தல்

விடிந்ததும் எடுங்கள், நாய் பூனைக்கு முந்துங்கள். பூனைக்குப் பிளேக் வரும், அது மனிதருக்கும் தரும். கையுறை, முழுக்கால் சட்டை, பூட்ஸ், காலுறைக்குள் சொருகிய சட்டைக்கால் ஆகியவற்றோடு போங்கள். எலியைத் தொடும் முன்பே அதன்மேலும் சுற்றிலும் பூச்சிக்கொல்லித் தூளைத் தூவிச் சற்று நேரம் விட்டுவிடுங்கள். நீண்ட இடுக்கியால் பிடித்து இரட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள் அல்லது எரியுங்கள். சோதனைக்கு எடுக்கவேண்டிய எலி என்றால் குழு வரும்வரை கிட்டே போகாமல் இடத்தை மட்டும் அடையாளம் வையுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கித் தெருவில் எறியும் வழக்கத்தை ஊரில் எப்படியாவது நிறுத்துங்கள்.

இந்த வேலையில் இருந்தவருக்கோ அந்தத் தெருவில் இருப்பவருக்கோ ஒரு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும், தொடையிடுக்கிலோ அக்குளிலோ கழுத்திலோ வலியோடு நெறிகட்டலும் வந்தால் உடனே மருத்துவமனை. எலி விழுந்த ஊர் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். நேரத்தோடு கொடுத்தால் ஸ்ட்ரெப்டோமைசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளுக்குப் பிளேக் கட்டுப்படும். கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்துவதுதான் கொல்லும்.

ஏழாம் படி: ஒழித்த பிறகு

எலி திரும்பி வரும். இதில் பலர் யோசிக்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. நூறாண்டுக்கு முன் பிளேக் ஆராய்ச்சிக் குழுவினர் பம்பாய் எலிகளுக்கும் மதராஸ் எலிகளுக்கும் கிருமியை ஏற்றிப் பார்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் பிளேக்கில் அடிபட்ட பம்பாய் எலிகளில் பல தாங்கின. பிளேக்கையே அறியாத மதராஸ் எலிகள் கொத்தாகச் செத்தன. அதாவது, ஒரு பிளேக் அலையைத் தாண்டி உயிர்பிழைத்த எலிக்கூட்டத்தில் எதிர்ப்புள்ளவை அதிகம். அவற்றால் நோய் வேகமாக ஓடாது. அவற்றையும் மருந்து வைத்து அழித்துவிட்டு, தீனியை மட்டும் அப்படியே விட்டுவைத்தால், வெளியிலிருந்து வந்து குடியேறிப் பெருகுவது எதிர்ப்பில்லாத புதுக் கூட்டமாக இருக்கலாம். அடுத்த முறை கிருமி வந்தால் காய்ந்த ஓலையில் பட்ட தீதான்.

ஆகவே மருந்தைவிடத் தீனியைக் கவனியுங்கள். மூட்டைகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, தரையிலிருந்து பலகைமேல் ஏற்றி அடுக்குங்கள். கதவின் அடியில் தகரம் அடியுங்கள். ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும், குட்டி எலி புகுந்துவிடும். சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டுங்கள். பிளேக் இல்லாத காலத்தில், எலிகள் சாகாத காலத்தில் செய்யும் எலி ஒழிப்பே உண்மையில் பிளேக் தடுப்பு. அப்போது தயங்காமல் மருந்து வையுங்கள்.

கூண்டுப்பொறிகளைப் பரணில் போட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறையாவது அதே கிடங்கில், அதே தெருவில் வைத்துத் தெள்ளுக் குறியீட்டை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். குளிர்மாதங்களுக்கு முன்னால் எண் ஏறுவது தெரிந்தால், எலி ஒன்றுகூடச் சாகாவிட்டாலும், தூளை அப்போதே தூவத் தொடங்குங்கள்.